நீ எடுத்துட்டுப் போன பெருங்காய டப்பா

அன்புள்ள தினேஸ்வரிக்கு,

கோப்பெங்ல நீயும் அத்தையும் சுகமா? அத்தைக்குக் கால் வீக்கம் குறைஞ்சதா? மூணு மாசமா நீ போன் எடுக்கல, அதான் எழுதுறேன்.

போன வாரம் பேக்டரியில நெஞ்சு அடைச்சிருச்சு. பயப்படாத லா, ஹார்ட் இல்ல. கிளினிக் டாக்டர் வயித்தைத் தட்டிப் பார்த்துட்டு, வெறும் காத்துன்னு சிரிச்சாரு. அவசரமா விழுங்கினா சோத்தோட காத்தும் உள்ள போகுதாம். செரிக்காத பருப்பு குடல்ல புளிச்சும் காத்தாகுதாம். பெருங்காயம் போடணும், சாப்பிட்டதும் படுக்காம நடக்கணும், மெதுவா மென்னு தின்னணும்னாரு. நீ பெருங்காயம் போட்டதெல்லாம் வாசத்துக்குன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிருந்தேன்.

உன் அம்மா வீட்டுக்குப் போகும்போது எடுத்துட்டுப் போனியே, அந்த மஞ்ச டப்பா, அதை அனுப்புறியா? இங்க தஞ்சோங் மாலிம் கடையிலயும் கெடைக்குது. ஆனா எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியல.

தினமும் நடக்குறேன். மெதுவா திங்கத்தான் முடியல. எதிர்ல யாரும் இல்லாம ஒரு தட்டு முன்னால எவ்வளவு நேரம் உட்கார்றது?

பேக்டரி பஸ் வந்திருச்சு. போன கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. இதையும் திருப்பி அனுப்புறதா இருந்தா, டப்பாவையும் சேர்த்துக் கட்டிரு.

முகிலன்