மேசை மேல் பூத்த வெள்ளை

எலுமிச்சை வாசனை இன்னும் கூடத்தை விட்டுப் போகவில்லை. காலையில் உன் மச்சான் வந்து போனதன் மிச்சம் அது.

நீ கொடுத்த பளிங்கு மேசைதான் காரணம். இந்த வீட்டைக் கட்டி நான் குடிவந்த அன்று, கூனிமேட்டுச் சாலையில் இருந்த உன் கடையிலிருந்து வேனில் வந்து இறங்கியது. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்கள். விலை கேட்டேன். "டேய் வாத்தியாரே, வீடு கட்டிட்ட இல்ல? உக்காந்து சாப்புடு, போதும்" என்றாய். எனக்கு அப்போதே உறுத்தியது. புதுச்சேரி விடுதிக்காரர்கள் காத்திருந்து வாங்கும் சாமானை ஒருவன் சும்மா கொடுப்பானா? அதுவும் நீ! பள்ளியில் என் கணக்குத் தாளைப் பார்த்து எழுதிவிட்டு என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவன். யாரோ வேண்டாமென்று திருப்பி அனுப்பிய கல்லாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில், ரசச் சட்டி வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. துடைத்தும் போகவில்லை. மரக்காணத்தில் பிறந்தவனுக்கு வெள்ளையாகப் பூப்பது எதுவானாலும் உப்புதான். சுவரில் பூக்கும், சைக்கிள் செயினில் பூக்கும். கல்லில் பூக்குமா? தூளைப் பசையில் குழைத்து வார்த்த போலி என்றால் பூக்கும். அப்படித்தான் முடிவு செய்தேன். உன்னை வரவழைத்துக் காட்டினேன்.

நீ குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாய். "உப்பா? நாக்க வெச்சுப் பாருடா." உப்பளத்துப் பக்கம் நமக்கெல்லாம் அதுதானே வழக்கம். "ரசத்துல புளி இருக்குதுல்ல, அந்தப் புளிப்பு பட்டா அசல் பளிங்கு மங்கிடும். போலிதான்டா எப்பவும் பளபளன்னு இருக்கும்."

"கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் இதத்தான் சொல்றியா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நாக்க வெச்சுப் பாரு" என்று மறுபடியும், மெதுவாகச் சொன்னாய்.

நான் வைக்கவில்லை. படித்தவன், நீ சொல்லி மேசையை நக்குவதா? நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாய். அதன்பிறகு கடைத்தெருவில் என்னைக் கண்டால் வண்டியை வேகமாக ஓட்டிப்போவாய். உன் சாவுக்கு வந்து, பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். உன் வீட்டார் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அதையும் நான் மறக்கப்போவதில்லை.

இப்போது கடை உன் மச்சான் கையில். இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தான். என் மனைவியிடம் ஓர் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கினான். மேசைக்கு அடியில் தவழ்ந்துபோய், மெருகேற்றாத பக்கத்தில் சாற்றைத் தடவினான். நானும் குனிந்து பார்த்தேன். பொடிப்பொடியாக நுரைத்தது. அவன் சட்டென்று துடைத்துவிட்டு எழுந்தான்.

"பழைய சரக்கு சார். இந்த உப்புக் காத்துக்குத் தாங்காது. நான் எடுத்துட்டுப் போயிட்டு, புதுசா ஒண்ணு எறக்கிடறேன். கறையே புடிக்காது. நீங்க ஒண்ணும் தர வேணாம்."

"சும்மா எதுக்குப்பா குடுக்கற?"

"மாமா ஞாபகமா வெச்சுக்கலாம்னுதான் சார்."

உன் ஞாபகத்துக்கு அவனிடம் ஒரு கடையே இருக்கிறது. "மேச இங்கயே இருக்கட்டும்" என்றேன். வாசலில் நின்று இன்னொரு முறையும் கேட்டான். அந்த இரண்டாவது கேள்வியில்தான் எனக்கு நிச்சயமாயிற்று. நீ சொன்னபோது நம்பாததை, அவன் பொய் சொன்னபோது நம்பினேன்.

ஆனாலும் நீ அன்று அப்படிக் கிளம்பிப் போயிருக்கக் கூடாது. நீயே ஓர் எலுமிச்சம்பழம் கேட்டிருக்கலாம், வீட்டில் இருந்தது. உன்மீது எனக்கு மிச்சமிருக்கும் வருத்தம் அது ஒன்றுதான். அதை விடுவதாக இல்லை.

மனைவி கொல்லைப்பக்கம் போனதும் கதவைச் சாத்திவிட்டு, குனிந்து அந்த வளையத்தில் நாக்கை வைத்தேன். குளிர்ந்தது. கரிக்கவில்லை.

இன்னொரு முறையும் வைத்துப் பார்த்தேன். என் குணம் உனக்குத் தெரியுமே.