டிவியில் தெரிந்த முகம்

செவ்வாய், இரவு.

என் மனைவிக்குப் பார்வை மங்கிவிட்டது. போனில் மகள் முகம் தெரிவதில்லை. அதனால் அம்பத்தூரில் கேபிள் வாங்கி வந்து, லேப்டாப்பை டிவியோடு இணைத்து, கனடாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

டிவி முழுக்க மகள் முகம். இடது கண்ணுக்குக் கீழே, பவுடரையும் மீறிக் கன்றியிருந்தது. போனில் இது எனக்குத் தெரிந்ததேயில்லை. பின்னால் சோபாவில் மருமகன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெருசா தெரியறேனாப்பா?” என்றாள்.

“தெரியறம்மா. எல்லாமே தெரியுது.”

“நெட்டு சரியில்லப்பா” என்று காமிராவை அணைத்துவிட்டாள்.

“எம்பொண்ணு பளிச்சுனு கீறாய்யா! நாளைக்கும் இதுலயே போடு” என்றாள் மனைவி.

இவளிடம் எப்படிச் சொல்வேன்? மகளைத் தனியாகக் கேட்கலாமென்றால், அவள் போனை அவன்தான் பார்க்கிறான். அவனையே கேட்டுவிட்டால், நான் போனை வைத்தபிறகு அவளை என்ன செய்வானோ.