செத்த காலேஜில் பெண் பார்த்தது

20-12-1970, ஞாயிறு

போன மாதம் வந்து பஜ்ஜியெல்லாம் தின்றுவிட்டுப் போன வாலாஜாபாத்துக்காரர்கள் இன்றைக்குத்தான் பதில் சொல்லி அனுப்பினார்கள். ஜாதகம் சரியாக அமையவில்லையாம். ஜாதகம் பார்த்துவிட்டுத்தானே ஐயா வந்தீர்கள்? சமையற்கட்டிலிருந்து கூடம் வரைக்கும் நான் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தேன். வந்த அத்தனை பேரும் என் இடது காலைப் பார்த்தார்கள். ஜாதகம் அங்கேதான் அமையாமல் போனது.

சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம். கால் சூம்பிவிட்டது, தாங்கித் தாங்கித்தான் நடப்பேன். இது தெருவுக்கே தெரியும். பெண் பார்க்க வருகிறவனுக்கு மட்டும் சொல்லக்கூடாது, வந்து தானாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வழக்கம்!

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் தட்டைத் தூக்க மாட்டேன். அம்மா அழுதாள். கண்ணாயிரம் அண்ணன், "கொழுப்புதான் உனுக்கு" என்றான்.

22-12-1970

நெசவாளர் சொசைட்டியில், கரைக்குப் போடும் அன்னப்பட்சியின் கழுத்தைக் கெடுத்தேன். கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக மை வைத்து நிரப்ப வேண்டும், அதைப் பார்த்துத்தான் தறியில் சேலைக் கரை விழும். ஒரு கட்டம் தவறினால் அன்னம் வாத்தாகிவிடும். இன்றைக்கு வாத்துதான்.

பக்கத்து மேஜை வடிவு சிரித்தாள். "எழும்பூர் செத்த காலேஜ் போயி பாருடி. வெண்கலச் சாமிங்க இடுப்புத் துணியிலகூட பூவு, கட்டம் எல்லாம் செதுக்கி வெச்சிருக்கறாங்க. நான் கையாலயே தொட்டுப் பாத்தேன்." மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், மியூசியத்துக்குச் செத்த காலேஜ். யார் வைத்த பெயரோ. காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். கரை போடுவதே பிழைப்பாக இருக்கிற நான் பார்த்ததில்லை.

27-12-1970, ஞாயிறு

தரகர் நமச்சிவாயம் வந்தார். மெட்ராஸ் வரன். ராஜகோபால் என்று பெயர், பெரம்பூரில் ரயில்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்பா இல்லை. அம்மா காமாட்சியம்மாள் மட்டும்தான். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்களாம்.

நான் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. நேரே வந்து, "இங்க வேணாம். எழும்பூர் மியூசியத்துல பாக்கட்டும்" என்றேன்.

நமச்சிவாயம் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். "செத்த காலேஜுலயா? பொண்ணு பாக்கறதா?"

"அங்க பாக்கறதுக்கு வேற நெறைய இருக்குது. அத்தினி பேரும் என்னையே பாத்துக்கினு இருக்க வேணாம். நானும் அவரைப் பாக்கணும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன்தான் ஆச்சரியம். திட்டவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான், "செய்யலாம்" என்றான். என் அண்ணனா இவன்?

30-12-1970

நாள் குறித்தாகிவிட்டது. காணும் பொங்கல். அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "சனிக்கெழமையில எவனாச்சும் பொண்ணு பாப்பானா?" அண்ணன் சளைக்கவில்லை. "இது பொண்ணு பாக்கறது இல்லம்மா, மியூசியம் பாக்கறது. மியூசியத்துக்குச் சனி, ராகு ஒண்ணியும் கெடையாது."

எங்கே சந்திப்பது என்று அடுத்த சண்டை. உள்ளே நுழைந்ததும் பெரிய திமிங்கலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறதாம், அதன் கீழே நின்றால் யாரும் தவற மாட்டார்கள் என்றார் நமச்சிவாயம். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். "எலும்புக்கூட்டுக்குக் கீழ நிக்க வெச்சா எம் பொண்ணப் பாக்கறது? சாமி இருக்கற எடமா சொல்லுய்யா." அப்படியானால் வெண்கல மண்டபத்தில் நடராஜர் முன்னால். காலை பதினோரு மணி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடுப்புத் துணி டிசைன்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

3-1-1971, ஞாயிறு

பாவி. பாவி.

தலை துவட்டிக்கொண்டு கொல்லைப்புறம் நின்றிருந்தேன். அண்ணன் உள்ளே அம்மாவிடம் சொல்கிறான்: "காணும் பொங்கலுக்கு மெட்ராஸ் சுத்துப்பட்டு அத்தினி பேரும் அங்கதான் இருப்பான். கூட்டத்துல எல்லாரும் நவுந்துக்கினுதான் போவாங்க. யாரு எப்படி நடக்கறாங்கன்னு எவனுக்குத் தெரியப்போவுது?" அம்மா, "தாயே காமாட்சி, அப்படியே நடக்கட்டும்" என்கிறாள்.

இதுக்குத்தானா ஒத்துக்கின? இதுக்குத்தான் அன்னிக்கு அவ்வளவு நேரம் யோசன பண்ணியா? வீட்டுல கூட்டி வந்து காட்டினாலாவது கால் தெரியும், வேணாம்னு எழுந்து போவான். அங்க கூட்டத்துக்குள்ள என்னை ஒளிச்சு வெச்சு விக்கப் போறியா? நான் கேட்டது ஒண்ணு, இவன் செய்யறது ஒண்ணு. போகட்டும்.

5-1-1971

வடிவிடம் சொன்னேன். "கல்யாணம் ஆவட்டும்டி. அப்புறம் தெரிஞ்சா இன்னா பண்ணிடுவான்?" என்கிறாள். என்ன செய்வான்? மறுநாள் காலையில் நான் குழாயடிக்கு நடப்பேன், அவன் பார்ப்பான். வாலாஜாபாத்துக்காரர்கள் பார்த்த அதே பார்வை. அவர்களை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த முடிந்தது. புருஷனை எங்கே அனுப்புவது?

8-1-1971

அண்ணனிடமே கேட்டுவிட்டேன். "அவங்ககிட்ட சொல்லிடுண்ணா." சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "எல்லாம் எனக்குத் தெரியும். நீ வாயை மூடிக்கினு வந்தா போதும்" என்றான்.

வாயை மூடிக்கொண்டுதான் போகப் போகிறேனா? போகாமலே இருந்துவிட்டால்? காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் போக வேண்டும் என்று கேட்டவளே நான்தான்.

11-1-1971

சாப்பாடு இறங்கவில்லை. அன்னத்துக்கு இரண்டு கழுத்து போட்டிருக்கிறேன்.

15-1-1971, வெள்ளி

பெருமாள் வரதர் பார்வேட்டை உற்சவத்துக்குப் பழைய சீவரம் புறப்பட்டாயிற்று, தெருவே அவர் பின்னால் போய்விட்டது. வீட்டில் நானும் அம்மாவும். அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாள். கணுக்காலுக்கும் கீழே வரும்படி தழையத் தழையக் கட்டச் சொல்கிறாள். சனிக்கிழமைக்குத் தான் வரமாட்டாளாம், பூஜையறையில் உட்கார்ந்திருப்பாளாம். எனக்குத் துணைக்கு வடிவு வருகிறாள்.

சொல்லலாமா, வேண்டாமா? சொல்வதென்றால் யாரிடம், எப்போது? வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அது மட்டும் தெரிகிறது.

16-1-1971

திரும்பியாயிற்று. கால் வீங்கியிருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன்.

17-1-1971, ஞாயிறு

மியூசியமா அது! திருவிழா. பூந்தமல்லி தாண்டியதுமே பஸ் கூரையிலெல்லாம் ஆள். எழும்பூரில் வெளிவாசலிலிருந்தே வரிசை. மஞ்சள் பூசிய முகங்கள், கரும்புத் துண்டுகள், தோளில் குழந்தைகள், தூக்குச் சட்டிகள். நமச்சிவாயம் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் நகர்ந்தோம்.

சாமி முன்னால் நிற்கலாம் என்று அம்மா சொன்னது கோயிலை நினைத்துக்கொண்டு. அங்கே நிற்க விட்டால்தானே! வெண்கல மண்டபத்துக்குள் கயிறு கட்டி ஒரே வரிசை. நுழைகிறவர்கள் எல்லாரும் நடராஜரைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், காசு வைக்கிறார்கள். ஓர் அம்மாள் மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்தே விட்டாள். காவலர் ஓடிவந்து, "இது கோயில் இல்லம்மா, நவுரு நவுரு" என்று கத்தினார். "சாமி இருக்குது, கோயில் இல்லன்றியே" என்று அவள் திருப்பிக் கேட்டாள். பின்னாலிருந்து ஒரே தள்ளு. நடராஜர் வந்தார், போனார். எந்த இடுப்புத் துணியையும் நான் பார்க்கவில்லை. வெளியே வந்து விழுந்தோம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் அதே கதிதான். எங்களுக்கு முன்னாலேயே உள்ளே போய்த் தள்ளப்பட்டு வெளியே வந்து நின்றிருந்தார்கள். நமச்சிவாயம் குடையால் அடையாளம் காட்டினார். எல்லாரும் புல்வெளிக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். அந்தக் கொஞ்ச தூரத்துக்கும் ஜனக் காடு. அண்ணன் என் இடது பக்கம் ஒட்டிக்கொண்டே வந்தான். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவன் கணக்கு அப்படியே பலித்தது.

காமாட்சியம்மாள் புளிச்சோறு கொண்டுவந்திருந்தார். எனக்கு மந்தார இலையில் வைத்துக் கொடுத்தார். "எங்க வேல பண்றம்மா? கரைக்குப் படம் போடறியாமே, நல்லாத்தான் இருக்குது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல கை. சேலைக்கு அடியில் காலை மடித்து உட்கார்ந்திருக்கிறேன், இந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன், "பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பலாம்" என்றான். சரி, முடிந்தது, மறுபடியும் கூட்டத்துக்குள் போய்விடுவோம்.

"தண்ணி கொண்டாரேன்" என்று எழுந்தேன். சொம்பை எடுத்துக்கொண்டேன். குழாய் புல்வெளிக்கு அந்தப் பக்கம். அங்கே கூட்டமில்லை, வெயில்தான். நடந்தேன். ஒரு தாங்கலையும் மறைக்காமல், தொடையில் கை ஊன்ற வேண்டியபோது ஊன்றி, என் நடை எப்படியோ அப்படி. போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி அவர்களை நேராகப் பார்த்து வந்தேன். பாதி தண்ணீர் சேலையில். வடிவு வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

காமாட்சியம்மாள் சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்தார். "இதுக்கு இவ்ளோ தூரம் போவணுமா? கால் விஷயம்தான் எங்களுக்குத் தெரியுமேம்மா. உங்கண்ணன் மார்கழியிலயே வந்து சொல்லிட்டாரே."

அண்ணன் மரத்தைப் பார்த்தான்.

எனக்கு என்ன வந்தது? சந்தோஷமில்லை. கோபம். இரண்டு வாரம் சோறில்லாமல், அன்னத்துக்கு இரண்டு கழுத்து போட்டு, கடைசியில் வெயிலில் சர்க்கஸ் மாதிரி நடந்து காட்டியது எல்லாம் ஒன்றுமில்லாததற்கா? பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "பையன் எப்படிடீ?"

வாயைத் திறந்தேன். கறுப்பா, சிவப்பா? மீசை உண்டா? பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அடக் கடவுளே. அவரை நான் பார்க்கவே இல்லை.

19-1-1971

அண்ணனிடம் சண்டை.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வந்திருப்பியா? பாவம் பாத்து வர்றாங்கன்னு ஆரம்பிச்சிருப்ப."

உண்மைதான். ஆரம்பித்திருப்பேன்.

"அப்ப அம்மாகிட்ட, கூட்டத்துல எவனுக்குத் தெரியும்னு சொன்னது?"

"அம்மாவுக்கு அப்படிச் சொன்னாத்தான் ஒத்துக்கும். சொல்லிட்டு வந்தேன்னு தெரிஞ்சா ஒப்பாரி வெச்சிருக்கும்." சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவனை மன்னிப்பதா, இன்னும் திட்டுவதா? இரண்டும் செய்ய முடியவில்லை.

24-1-1971, ஞாயிறு

நமச்சிவாயம் வாயெல்லாம் பல்லாக வந்தார். அவர்களுக்குச் சம்மதம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் இன்னும் பாக்கல" என்றேன்.

"இன்னா பாக்கல?"

"அவரைப் பாக்கல. மறுபடியும் பாக்கணும். கூட்டம் இல்லாத நாளா."

நமச்சிவாயம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எத்தினி கல்யாணம் முடிச்சிருக்கறேன். மாப்பிள்ளைக்காரன் ரெண்டாந்தபா பாக்கணும்னு கேட்டுப் பாத்திருக்கறேன். பொண்ணு கேட்டு நான் பாத்ததில்லப்பா."

அம்மா கத்தினாள். "வலிய வர்ற வரனை எட்டி உதைக்கறியே, நீ இன்னா ரதியாடி?" அண்ணனும் கத்தினான். "அவங்களுக்குப் புடிச்சிருக்குது. இன்னும் உனுக்கு இன்னாதான் வேணும்?" எனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் நகரவில்லை. எனக்கு அழுகை வந்தது, இருந்தாலும் நகரவில்லை.

29-1-1971

பதில் இல்லை. காமாட்சியம்மாளுக்குக் கோபமாம். "கால் இப்படி இருந்தும் சரின்னோம், அதுக்கு இந்த மவுசா?" என்றாராம். அதே நல்ல கைக்காரர். கேட்டதும் சுருக்கென்றது. ரொம்பத்தான் போய்விட்டேனோ? அம்மா என்னோடு பேசுவதில்லை.

4-2-1971

மாப்பிள்ளையே சொல்லி அனுப்பியிருக்கிறார், அதே மியூசியத்துக்கு வருகிறேன் என்று. செவ்வாய்க்கிழமை லீவு போடுகிறாராம். அம்மாவுடன் வரவில்லையாம்.

9-2-1971, செவ்வாய்

வடிவும் நானும் போனோம். வாசலில் வேர்க்கடலைக்காரனைத் தவிர ஆளில்லை. வடிவு திமிங்கலத்தைப் பார்க்கிறேன் என்று நழுவிவிட்டாள். வெண்கல மண்டபத்தில் காவலர் ஸ்டூலில் தூங்கிக்கொண்டிருந்தார். கயிறில்லை, தள்ளில்லை. என் காலடிச் சத்தம், ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக, மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவர் ஓர் அம்மன் சிலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நேராகப் போய் நின்று பார்த்தேன். மாநிறம். மீசை உண்டு, ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றம். முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கிறது. நகக்கண்ணில் கிரீஸ். காலரைச் சரி செய்துகொண்டார், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார், மறுபடியும் முன்னால் கொண்டுவந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் பார்ப்பதை நிறுத்தவில்லை.

"இன்னாங்க அப்படிப் பாக்கறீங்க?"

"பாக்கத்தானே வந்தேன்."

சிரித்துவிட்டார். "அன்னிக்கு நானும் உங்களப் பாக்கலீங்க. கால மட்டும் பாத்துடாதடான்னு அம்மா சொல்லி இட்டாந்தாங்க. எங்க பாத்தா தப்பாயிடுமோன்னு இலையையே பாத்துக்கினு இருந்தேன்."

பிறகு, குனிந்து பார்த்தார். ஒளித்துப் பார்க்கவில்லை. "எப்படிங்க ஆச்சு?"

இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. சொன்னேன். காய்ச்சல் வந்த ராத்திரி, அண்ணன் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது, மழைக்காலத்தில் எங்கே வலிக்கும் என்பது வரைக்கும். நடுநடுவே கேள்வி கேட்டார். "படி ஏறச்சொல்ல எந்தக் கால் மொதல்ல?" என்றெல்லாம் கேட்டார். பேசிக்கொண்டே அந்த அம்மனின் இடுப்புத் துணியைப் பார்த்தேன். கொடியும் பூவும், வளைந்து வளைந்து. வரைந்துகொள்ளத் தாள் கொண்டு போகவில்லை.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைத்தாயிற்று. அம்மா திரி தூண்டிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. அண்ணன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா, பாத்தியா?"

"பாத்தேன்."

அவன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அம்மாவின் கை திரியிலேயே நின்றது.

"நமச்சிவாயத்தை வெள்ளிக்கிழமை வரச் சொல்லுண்ணா" என்றேன்.