தோளில் விழுந்த பலா

தேவனூர், கொல்லிமலை
17-6-1959

அன்புள்ள வேணிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். மழை பிடித்ததும் அப்பாவின் முழங்கால் முணுமுணுக்கிறது, கூடவே அவரும். பம்பாய் மழையில் உன் இருமல் எப்படி இருக்கிறது என்று உள்ளபடி எழுது. சௌக்கியம் என்ற ஒற்றைச் சொல்லில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

நீ வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்த செய்தி பரவியதிலிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதைவிட வழக்குக் கேட்பதே எனக்கு வேலையாகிவிட்டது. பள்ளிக்குப் பின்னால் குடியிருக்கும் ராசப்பன் போன வாரம் தன் நிலத்து வேலியோரம் மண்வெட்டியோடு குனிந்து நின்றபோது, பக்கத்து நிலத்துப் பொன்னனின் மரத்திலிருந்து ஒரு பலாப்பழம் தோளில் விழுந்து காறை எலும்பு முறிந்துவிட்டது. தலையில் விழாததே பெரிது. பொன்னன் வேறு யாருமில்லை, ராசப்பன் மனைவி பாவாயியின் சொந்த அண்ணன். கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், கேட்கவில்லை, பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டான். சாமி குத்தம் என்றார்கள் சிலர். குறிபார்த்துப் பலாப்பழம் எறியும் சாமியை நான் நம்பத் தயாராக இல்லை. ஆனால் இது சாமை விதைக்கும் சமயம், இந்த ஈரத்தில் உழாவிட்டால் அந்த வீட்டில் வருஷம் முழுவதும் சோறு இல்லை, பிள்ளைகளும் சின்னஞ்சிறுசுகள். ஆகவே பொன்னன்தான் உழுது விதைத்துத் தரவேண்டும் என்று பாவாயி கேட்டாள். இங்கே நஷ்டஈடு என்றால் அதுதான், ஒருவன் கை ஓயக் காரணமானவன் தன் கையைத் தரவேண்டும்.

பொன்னன் மறுத்துவிட்டான். வேலி தாண்டி விழும் பழம் விழுந்த மண்ணுக்காரனுக்குச் சொந்தம் என்பது இந்த மலைநாட்டு வழக்கம். "உங்க பழம் உங்க ஆள் மேல விழுந்ததுக்கு நான் என்ன பண்ணட்டும்? அறுத்துத் தின்னப்ப அண்ணன் பழம்னு யாராச்சும் சொன்னீங்களா?" என்றானாம். தின்றது உண்மை. புருஷன் முனகிக்கொண்டு கிடக்க, பாவாயி பழத்தை அறுத்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். எனக்கும் ஒரு கிண்ணம் சுளை வந்தது, விவரம் தெரியாமல் நானும் தின்றேன். பழுத்ததை இறக்காமல் விட்டது அஜாக்கிரதை என்று ஊர்க்கவுண்டரிடம் எடுத்துச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "பழுக்கறது மரத்தோட வேலைங்கம்மா, அதுக்கு அவன் என்ன பண்ணுவான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. பாவாயி எழுந்து, "ஏண்ணா, பழம் மண்ணுல விழுந்தாத்தான எங்களுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றான். "அப்ப மொதல்ல மண்ணுல விழுந்துச்சா, எம்பட ஊட்டுக்காரரு தோள்ல விழுந்துச்சா? தோள ஒடிச்சது உம்பட பழம். அப்பறம் உருண்டு மண்ணுக்கு வந்துச்சு பாரு, அது எம்பட பழம். அதத்தான் நாந் தின்னேன்" என்றாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் பொன்னனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இவ வாய்க்குத்தான் பக்கத்துக் காட்டுலயே கட்டிக் குடுத்தது. தூரத்துல குடுத்திருந்தாத் திருப்பி அனுப்பியிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

இப்போது ராசப்பனின் மாடுகளைப் பூட்டிப் பொன்னன் உழுகிறான். ராசப்பன் கட்டுப்போட்ட தோளோடு வரப்பில் உட்கார்ந்து, "மச்சான், இன்னுங் கொஞ்சம் ஆழமா" என்று ஏவுகிறான், முகத்தில் வலியையே காணோம். பாவாயி அண்ணனுக்குக் களி கொண்டுபோகிறாள்.

கம்பளியை வெயில் கண்ட அன்று காயப்போடு. வேளைக்குச் சாப்பிடு. உடம்பு நன்றாக இருந்து, உன்னிடம் வருகிறவர்களுக்கு உன்னால் ஒரு நியாயம் கிடைக்க வேண்டும், அதுவே எங்கள் இருவரின் ஆசி.

ஒன்று மறந்துவிடாதே. நேற்று மாடுகளை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது பொன்னன் நம் வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்கம்மா, அவங் காட்ட உழுகறப்ப அவன் மாடு என்னை முட்டிப்போட்டா, எங்காட்ட அவன் வந்து உழோணுமில்லீங்க? வக்கீலுப் புள்ளயக் கேட்டுச் சொல்லுங்க" என்றான். கேட்கும்போது மாட்டின் கொம்பை அவன் ஆசையோடு பார்த்தது எனக்குச் சரியாகப் படவில்லை. சட்டம் எப்படி இருந்தாலும் நீ இல்லை என்றே எழுது.

உன் அம்மா
மயிலம்மாள்