மவுத் ஆர்கனை அனுப்ப மாட்டேன்

என் மகளின் அப்பாவுக்கு,

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம். அதிலும் இரண்டே வரி. மறந்து வைத்துவிட்டுப் போன மவுத் ஆர்கனைப் பார்சலில் அனுப்ப வேண்டுமாம். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க மூன்றாவது வரிக்கு இடமில்லையா?

அனுப்ப மாட்டேன். இப்போது அதை ஊதுவது நான். "உனக்கெல்லாம் அது வராது, விடு" என்று பதினொரு வருடம் சொன்னீர்களே, அந்த எரிச்சலில்தான் எடுத்தேன். ஒரு துளையில் ஊதினால் பக்கத்துத் துளையும் சேர்ந்து கத்தியது. ஆத்திரத்தோடு ஊத ஊத இன்னும் மோசம். பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடமெல்லாம் "தாடையை இறுக்காதீங்க, தளர்வா விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். என் தாடை இறுகிக் கிடந்தது எனக்கே தெரியவில்லை.

நேற்று சாயங்காலம், பாத்திரம் கழுவி முடித்த அசதியில், தாடையைத் தளரவிட்டு, உதட்டைக் குவித்து, டீயை ஆற்றுவது போல மெல்ல ஊதினேன். நாலாவது துளை மட்டும் தனியாக, சுத்தமாக ஒலித்தது. நீங்கள் ஊதினால் கேட்குமே, அதே மாதிரி.

உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவள் பென்சிலோடு ஓடிவந்தாள்.

"அப்பா வந்துட்டாரா?"

என் கையில் இருந்ததைப் பார்த்தாள். "ஓ, நீயாம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

அதனால் பார்சல் கிடையாது. வேண்டுமென்றால் நேரில் வாருங்கள். கதவை நான் திறக்க மாட்டேன், அவள் திறப்பாள். எதை வாங்கிப் போக வந்தீர்கள் என்று அவளிடமே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவள்