அப்பா கண்டது

அன்பு மருமகனே,

நீ குருவாவாய் என்று நான் அன்றே சொன்னேன். கடவுள் உண்டென்று நிரூபிக்கப் படித்த வாதங்களில் எல்லாம் ஓட்டை என்று, பாதிரியார் படிப்பைப் பாதியில் போட்டு, குருமடத்தை விட்டுப் பெட்டியோடு வந்து நின்றாயே, உன் பேராசிரியர்களால் என்ன முடிந்தது? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான்தான் திருப்பி அனுப்பினேன். “உங்கப்பா சாகும்போது என் கையைப் புடிச்சிக்கிட்டு, ‘மச்சான், ஆண்டவர் கட்டில் பக்கத்துல நிக்கிறாரு, பையன்கிட்ட சொல்லு’ன்னாருடா” என்றேன். மறுநாளே கிளம்பினாய்.

நேற்று உன் முதல் பூசையில், “புத்தகங்கள் என்னைக் கைவிட்டன; அப்பா கண்டதே எனக்குப் போதும்” என்று பிரசங்கம் செய்தாய். கோயிலே அழுதது. பாடகர் குழுவுக்குக்கூட நன்றி சொன்னாய். இந்த மாமனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உண்மையைத் தேடுகிறவன் நீ, இதையும் வைத்துக்கொள். உன் அப்பாவின் உயிர் போனபோது அந்த ஆஸ்பத்திரி அறையில் யாருமே இல்லை. நான் கீழே கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்