குஷ் அரசனுக்கு வந்த செய்தி

19 ஒக்டோபர் 2009, திங்கள்

காலையிலிருந்து லண்டன் தூறல். தோர்ண்டன் ஹீத்தில் ரயில் பன்னிரண்டு நிமிடம் தாமதம். கவுன்சில் வேலையில் வீடு கேட்கும் விண்ணப்பங்கள் மலையாக. மதியம் சாண்ட்விச்சோடு ஆய்வுக் கட்டுரை, இரண்டு பந்தி.

கந்தசட்டி தொடங்கிவிட்டது. ஆறு நாளும் அம்மா பாலும் பழமும்தான். என் கல்யாணம் சரிவர வேண்டுமாம். முப்பத்து மூன்று வயதில் எட்டில் செவ்வாயோடு இருக்கும் எனக்காக எழுபது வயதில் அவர் பட்டினி. இதைவிட ஏசினால் பரவாயில்லை.

மாலையில் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியையின் மின்னஞ்சல். சூடானில், மெரோவே பக்கம், பழைய குஷ் தலைநகர் இருந்த இடத்தில் அகழ்வு. ஜனவரி, பெப்ரவரி. ஓர் இடம் காலி. விருப்பமென்றால் வெள்ளிக்குள் சொல், கடவுச்சீட்டுப் பிரதியும் அனுப்பு. நாலு தரம் வாசித்தேன். குஷ் அரசர்களைப் பற்றி நான்கு வருடமாக ரயிலில் நின்றபடி படிக்கிறேன். அவர்கள் மண்ணை ஒரு பிடி தொட்டதில்லை.

வீட்டில் சொல்லவில்லை.

20 செவ்வாய்

அண்ணை பெற்றோல் ஸ்டேஷனிலிருந்து வந்ததும் வராததுமாக: "டென்மார்க் மாப்பிள்ளையின்ரை குறிப்புப் பொருந்தியிருக்கு. எழுபத்தைஞ்சு வீதம். அவருக்கும் செவ்வாய். தையிலை வந்து பாக்கினமாம்."

அம்மா சாமிப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். விரதம் இரண்டாம் நாளே பலித்துவிட்டது.

"தையிலை நான் சூடானுக்குப் போறதாயிருக்கு" என்றேன். விவரம் சொன்னேன்.

"சூடானோ? சண்டை நடக்கிற நாட்டுக்கு ஆரும் போவினமே, பிள்ளை?" ஊர்ச் சண்டையில் என்னைப் பதுங்குகுழிக்குள் வைத்து வளர்த்த அம்மா கேட்கிறார்.

அண்ணை தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். ஒருநாளும் கத்தமாட்டார். கத்தினால் நானும் கத்தலாம்.

அவருக்கு முப்பத்தொன்பது. அவரும் வசந்தியும் பழகி ஐந்து வருடம். வ. வெம்பிளியில் மருந்துக்கடையில் வேலை. எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. தங்கச்சி இருக்கத் தமையன் கல்யாணம் முடிப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். என் கழுத்தில் தாலி ஏறும்வரை அந்த இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குள் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டியதுதான். தைக்குப் பிறகு வ. வீட்டில் பொறுக்கமாட்டார்களாம், வேறு இடம் பார்ப்பார்களாம். இது அம்மா குசினியில் சமைத்தபடி, வேறு யாருக்கோ சொல்வதுபோல எனக்குச் சொன்னது.

21 புதன்

மழை. தலையிடி. பனடோல் இரண்டு.

கட்டுரையில் நான் மாட்டிக்கொண்டிருக்கும் இடம், கிரேக்கர் ஒருவர் எழுதிவைத்த கதை. மெரோவேயில் கோவில் குருமார் நினைத்தால் அரசனுக்கு ஆள் அனுப்புவார்களாம். நீ சாகவேண்டும், தெய்வம் சொல்லிவிட்டது என்று. அரசன் செத்துப்போவான். படை இருந்தது. யானை இருந்தது. பிரமிட் கட்ட ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் மறுபேச்சில்லை, பரம்பரை பரம்பரையாக. கடைசியில் கிரேக்கப் படிப்புப் படித்த ஓர் அரசன் படையோடு கோவிலுக்குள் போய்க் குருமாரை வெட்டினான். அதோடு வழக்கம் முடிந்தது.

குஷ் மக்கள் இதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அவர்களின் எழுத்தை வாய்விட்டு வாசிக்கலாம். பொருள் அநேகமாக விளங்காது.

மற்ற அரசர்கள் ஏன் பணிந்தார்கள்? பயத்தினால் என்று எழுதியிருந்தேன். பேராசிரியை ஓரத்தில் பென்சிலால்: "ஆதாரம்?" ஆதாரம் வீட்டில் இருக்கிறது, அடிக்குறிப்பில் போட முடியாது. நான் யாரை வெட்டுவது? பாலும் பழமுமாக இருக்கும் அம்மாவையா?

போனால்: டென்மார்க் போச்சு. அண்ணையின் கல்யாணம் போச்சு. அம்மா விரதம் முடிந்தும் சாப்பிடமாட்டார்.
போகாவிட்டால்: நான்.
வாங்க: பால், வாழைப்பழம், குடை.

இந்த வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் யாராவது ஒருவர் எனக்காக எதையாவது விட்டுக்கொடுத்துவிட்டு நிற்கிறார்கள்.

22 வியாழன்

அரை நாள் லீவு. ஜுபிலி லைன் ரயிலில் வெம்பிளி. வ.விடம் நேரே சொல்லிவிடுவது என்று போனேன். வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்தார். பஸ் தரிப்பில் நின்று பேசினோம்.

"டென்மார்க்குக்கு ஓமெண்டு சொல்லப்போறன். இனி நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை."

வ. சட்டென்று கேட்டார்: "ஆர் சொன்னது நான் உமக்காகக் காத்திருக்கிறன் எண்டு? போன வருசம் உங்கடை அம்மாவே எனக்கு போன் எடுத்தவ. பிள்ளையின்ரை விசயம் இழுபடுது, நீங்கள் முதலிலை முடியுங்கோ, ஊர் கதைச்சாக் கதைக்கட்டும் எண்டவ. உங்கடை அண்ணைதான் ஏலாதெண்டவர்."

"ஏன்?"

"தங்கச்சி இருக்கிறாளாம். நாலு தரம் கேட்டுப்போட்டன். நாலு தரமும் உம்மடை பேர்தான்."

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை. ஐந்து வருடமாக அவர்கள் வாழ்க்கைக்குப் பூட்டு நான்தான் என்று வெட்கப்பட்டு நடந்திருக்கிறேன். பண்டிகைக்குக்கூட அண்ணை முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எங்கடை வீட்டை சாப்பிட வாங்கோ" என்றேன். ஏன் சொன்னேன் தெரியாது. "பன்ரண்டு மணிக்கு."

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

வ. "வாறன்" என்றார்.

23 வெள்ளி

வேலைக்குப் போகமுன் அம்மாவிடம் கேட்டேன். பால் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஓம், சொன்னனான். அவன் விடேல்லை. உனக்குச் சொல்லவேண்டாம், மனம் நோவாய் எண்டவன்."

"அவருக்கு ஏனம்மா விருப்பமில்லை?"

"விருப்பம் இருக்கு, பிள்ளை. தைரியம்தான் இல்லை." அவ்வளவுதான். கோப்பையைத் திரும்ப எடுத்துக் குடித்தார்.

கவுன்சில் ஸ்கேனரில் கடவுச்சீட்டு. 4.40க்கு அனுப்பினேன். கல்யாணத் தரகருக்கு நானே போன்: டென்மார்க் வேண்டாம்.

கட்டுரையில் "பயத்தினால்" என்பதை வெட்டினேன். செய்தி வந்ததும் சில அரசர்களுக்கு அப்பாடா என்றிருந்திருக்கலாம், இனி ஒன்றையும் தாங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை. இதற்கும் பேராசிரியை ஆதாரம் கேட்பார். கேட்கட்டும்.

25 ஞாயிறு

இரவு மணிக்கூடு ஒரு மணித்தியாலம் பின்னுக்கு. அடுப்பு மணிக்கூட்டை மாற்ற மறந்து அம்மா விடியமுதலே எழும்பிவிட்டார். விரதம் முடிக்கும் பாறணைச் சமையல்: சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன். சூடானுக்கு எழுதியாயிற்று. டென்மார்க்குக்கு இல்லையென்றாயிற்று. நான் கல்யாணம் கட்டுவேனோ இல்லையோ, இனி அதற்காக ஒருவரும் காத்திருக்க வேண்டாம்.

அண்ணையின் முகத்தில் கோபம் இல்லை. பயம். முப்பத்தொன்பது வயது மனிசனின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் கண்டதில்லை.

"அப்ப நான் வசந்திக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"அவ பன்ரண்டுக்கு வாறா. நான்தான் கூப்பிட்டனான்."

அண்ணை அடுப்பு மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. மாற்றாத நேரம்; உண்மையில் இன்னும் ஐந்து நிமிடம்.

அம்மா நாலாவது சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார்.

வாசல் மணி அடித்தது. நான் எழும்பவில்லை. அம்மாவும் எழும்பவில்லை.